அட்டை மூடும் நாள்

ட்ரெய்னர் அண்ணை பனித்தரையில் நடக்கும்போது காலைத் தூக்கமாட்டார். சறுக்குச் சப்பாத்து அணியாமல், வேலைக்குப் போடும் அதே கறுத்த சப்பாத்தோடு, பாதங்களைத் தரையோடு உரசியபடி மெதுவாகப் போவார். வலக்கையில் முதலுதவிப் பெட்டி இருக்கும். இடக்கை, விழுந்தால் ஊன்றுவதற்காக, சற்று விரிந்திருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் ஹொக்கி அரீனாவில் ஒலிக்கும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். இரண்டு அணிப் பையன்களும் நின்ற இடத்திலேயே ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருப்பார்கள். அப்போதுதான் சுவருக்குப் பின்னால் ஓடும் குளிரூட்டும் இயந்திரங்களின் இரைச்சல் காதில் விழும். அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல்தான். ஆனால் எவனாவது ஒருவன் எழும்பாமல் கிடக்கும்போது மட்டுமே அது நமக்குக் கேட்கும். இத்தனை வருடங்களில் எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்துவிட்டேன். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று கேட்டால் முழிப்பேன். அந்த நடையை மட்டும் மறக்க முடியவில்லை.

பெயரைப் பார்த்து அவர் விளையாட்டுப் பழக்குபவர் என்று நினைக்க வேண்டாம். அதற்குக் கோச் இருக்கிறார். ஐஸ் ஹொக்கியில் ட்ரெய்னர் என்பவர் காயங்களுக்குப் பொறுப்பானவர். எங்கள் அண்ணை ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் அற்றெண்டனாக இருந்தவர். ரொறன்ரோவுக்கு வந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். தன் மகன் விளையாட வந்த காலத்தில் பெட்டியைத் தூக்கியவர், மகன் சறுக்குச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வழி போன பிறகும் பெட்டியை இறக்கி வைக்கவில்லை. என் கதையும் கிட்டத்தட்ட அதுதான். என் மகன் இரண்டு வருடம் விளையாடினான். அவனைக் கூட்டிப்போகக் காத்திருந்த நேரத்தில் யாரோ என் கையில் ஒரு படிவத்தைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். குளிரில் சும்மா நிற்கிற தாய்மாரை அரீனாக்காரர்கள் நிம்மதியாக நிற்க விடமாட்டார்கள். அப்படியே நான் கழகத்தின் பதிவாளர் ஆனேன். சம்பளம் இல்லை. கழகத்தின் பெயர் போட்ட ஒரு குளிர்ச்சட்டை தந்தார்கள், அதுவும் ஒரு அளவு பெரிது.

பதிவாளரின் வேலை என்ன என்று சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். இந்த நாட்டில் பதினாறு வயதிலிருந்து இருபது வரை உள்ளவர்கள் விளையாடும் ஆட்டத்தை இளையோர் ஹொக்கி என்கிறார்கள். அதற்குள் ஏ, பி, சி என்று தட்டுகள் உண்டு. எங்கள் சாதி சனத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்க்கும் பார்வையிலேயே பிடித்துவிடுவோம். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு அட்டை. அவன் எந்தக் கழகத்துக்கு உரியவன் என்பதை அந்த அட்டைதான் சொல்லும். பழைய காலத்தில் பெரிய தொழில்முறைக் கழகங்களே இளையோர் அணிகளையும் வைத்திருந்தனவாம். பதின்ம வயதில் ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தப் பையன் அவர்களுக்கே சொந்தம். பிறகு அந்த முறை போய், ஆண்டுக்கொருமுறை வரிசையில் தெரிந்தெடுக்கும் முறை வந்தது. லீக்குகள் உடைந்தன, சேர்ந்தன, மறுபடி உடைந்தன. எங்கள் கழகமே மூன்று லீக்குகளின் பெயரைச் சுமந்திருக்கிறது. எல்லாவற்றையும் தாண்டி மாறாமல் இருப்பது ஒன்றுதான். தை மாதத்தில் ஒரு நாள் வரும். அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் எந்தப் பையனும் கழகம் மாற முடியாது. நாங்கள் அதை அட்டை மூடும் நாள் என்போம். அன்றைக்கு என் தொலைபேசி சூடாகிவிடும்.

நான் பதிவாளராக வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு பெரிய உடைவு நடந்தது. சில கழகங்கள் தாய்ச் சங்கத்தோடு கோபித்துக்கொண்டு வெளியேறித் தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கின. யார் சரி, யார் பிழை என்று இன்றைக்கும் ஆட்கள் கோப்பிக் கடையில் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு விஷயம் மட்டும் தெரியும். இரண்டு பக்கத்தின் கணினிகளும் ஒன்றோடொன்று பேசமாட்டா. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால், அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை விழும். டாக்டரின் கடிதமும் ட்ரெய்னரின் கையெழுத்தும் இரண்டும் வந்தால்தான் பட்டை நீங்கும். ஆனால் அந்தப் பையனைப் பிரிந்துபோன லீக்குக்கு விட்டுக்கொடுத்தால், பெயரே எங்கள் பட்டியலிலிருந்து போய்விடும். பெயரோடு பட்டையும் போய்விடும். அங்கே அவன் புதியவன். இப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கள் அணியில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். வயது பத்தொன்பது, பின்வரிசையில் தடுத்து விளையாடுபவன். எங்கள் ஆட்களின் பிள்ளைகளில் அந்தத் தட்டு வரைக்கும் ஏறியவன் எனக்குத் தெரிய அவன் ஒருவன்தான். தகப்பன் இல்லை. தாய் மன்னார்ப் பக்கம், ஸ்காபுரோவில் ஒரு பேக்கரியில் விடியவே வேலைக்குப் போய்விடுவார். ஆட்டத்துக்கு வந்தால் மேல் வரிசையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, சத்தமே போடாமல் இருப்பார். மற்றத் தாய்மார் கத்துகிற கத்தலில் கூரை பறக்கும், இவர் செபமாலையை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். அவனைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். உண்மையைச் சொன்னால், என் மகன் விட்ட இடத்தை அவன் பிடித்துவிட்டதாகவே எண்ணினேன். எங்கள் ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அவன் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டுவேன், பெற்றவள் போல.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். பலகைச் சுவரோரம் ஒருவன் அவனைப் பின்னாலிருந்து மோதினான். அவன் விழவில்லை, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே வந்து வாங்கில் இருந்தான். யாரும் கவலைப்படவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. ட்ரெய்னர் அண்ணை மட்டும் அவன் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனார். நான் நடைபாதையில் ஆட்டத் தாளோடு நின்றேன். வழக்கமாக மற்றவர்கள் இன்றைக்கு என்ன கிழமை, எத்தனை கோல் என்று கேட்பார்கள். அது பையன்களுக்குப் பாடமாகிவிட்டது, மூளை கலங்கியவனும் சரியாகச் சொல்லிவிடுவான் என்பார் அண்ணை. அவர் கேட்பது வேறு.

"தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீ?"

இடியப்பமும் சொதியும் என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல். அண்ணை தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு படியேறி மேல் வரிசைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். தாயிடம் அதே கேள்வியைக் கேட்டார். தாய் சிரித்தார். இன்றைக்குப் பூசைக்குப் போன நாங்கள், சமைக்கவில்லை, வருகிற வழியில் காரில் ஒரு பேகிள்தான் சாப்பிட்டவன், இடியப்பம் நேற்று என்றார். "அவன் எப்பவும் உப்பிடித்தான் அண்ணை, மறதிக்காரன்" என்றும் சொன்னார். அண்ணை சிரிக்கவில்லை. கீழே பனித்தரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் அணி ஒரு கோல் போட்டது, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கு ஏனோ கை வரவில்லை.

அன்றே சிவப்புப் பட்டை விழுந்தது. இரண்டு கிழமையில் ஒரு டாக்டர் எல்லாம் சரி என்று கடிதம் கொடுத்துவிட்டார். அண்ணை கையெழுத்து வைக்கவில்லை. பயிற்சிக்கு வந்து சுவரோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய விளக்குகளுக்கு நேரே வரும்போது பெடியன் கண்ணை மூடுகிறான், கெதியாகத் திரும்பும்போது தடியை ஊன்றுகிறான் என்றார். எங்கள் மனேஜருக்கு முகம் சிவந்தது. டாக்டரை விட அற்றெண்டன் பெரியவரோ என்று என்னிடம்தான் கேட்டார், அண்ணையிடம் கேட்கத் துணிவில்லை. கோச் கேட்டார், பையனே வந்து கெஞ்சினான். அண்ணை எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "இன்னும் அவன் முழுசா வரேல்லை. வந்தாப் பிறகு வைக்கிறன்." அவர் முதியோர் இல்லத்தில் பராமரித்தவர்களில் தலையில் அடிபட்டுத் தன் பெயரையே மறந்த பழைய ஹொக்கி ஆட்டக்காரர் ஒருவரும் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவரைப் பற்றி அண்ணை ஒருநாளும் பேசியதில்லை.

அப்படியே தை வந்தது. மனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு சிறு நகரத்துக் கழகம், பிரிந்துபோன லீக்கைச் சேர்ந்தது, பின்வரிசைக்கு ஆள் தேடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் அந்த லீக்கைப் பார்க்க வருவார்கள். பையனுக்கு ஏறக்குறைய கடைசிப் பருவம். இங்கே கையெழுத்துக்குக் காத்திருந்து வீணாவதை விட அங்கே போகட்டும் என்றார். அட்டை மூடும் நாளன்று மத்தியானம் அந்தத் தாய் பேக்கரி உடுப்போடு, தலைவலை கழற்றாமல், அரீனா அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார். "அக்கா, அவனுக்கு உந்த விளையாட்டை விட்டா வேற ஒண்டும் தெரியாது. நீங்கள்தான் உதவி செய்யோணும்." அன்றைக்கு அண்ணை வேலையில் நின்றார். அவருக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். எடுத்தால் அவர் அந்தக் கழகத்தின் ட்ரெய்னரோடு பேசிவிடுவார் என்று தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை.

படிவத்தில் ஒழுங்கீனத்துக்காக விதித்த தடை ஏதும் நிலுவையில் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று போட்டேன், அது உண்மை. காயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்குச் சட்டத்தைக் காட்டித் தப்பியிருப்பேன். ஆனால் பின்னேரம் அந்தக் கழகத்தின் பதிவாளர் அழைத்தார். வயதான பெண்ணின் குரல், மிகவும் மரியாதையாகப் பேசினார். தாள்கள் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, பையனைப் பற்றித் தாங்கள் அறிந்திருக்க வேண்டியது வேறு ஏதும் உண்டா என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. இரண்டு லீக்குகளுக்கும் இடையில் காயத்தைப் பற்றிய தாள் போகாது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வாயால் கேட்டார்.

நான் சொன்ன பதில், எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு விசாரிக்கும்போது சொல்கிற பதில். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம், தாய் கஷ்டப்பட்டு வளர்த்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார்கள் என்றேன். எங்களுக்குள் ஒருவர் வந்து ஒரு பெடியனைப் பற்றி விசாரித்தால், தெரிந்த குறையைச் சொல்லமாட்டோம். வந்த சம்பந்தத்தைக் குழப்பின பாவம் நமக்கு ஏன் என்று விட்டுவிடுவோம். நல்லதை மட்டும் அடுக்குவோம், மிச்சத்தைக் கேட்டவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அது பொய் இல்லை என்று சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம். அந்தக் கிழவி என் பதிலைக் கேட்டுச் சிரித்தார், அருமையான குடும்பம் போலிருக்கிறது என்றார், நன்றி சொல்லி வைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன். பெயர் போனது, பட்டையும் போனது. வெளியே பனி அள்ளும் வண்டி பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை நடைபாதையில் காத்திருந்த தாய் வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டார், அவர் கையில் மா வாசனை.

அங்கே அவன் ஆறு ஆட்டம் விளையாடினான். ஏழாவதில் விழுந்தான். பெரிய மோதல் ஒன்றும் இல்லையாம், சாதாரணமாகத் தோளோடு தோள் பட்டதாம். நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் யாரோ ஒரு ட்ரெய்னர், நான் அறியாத ஒருவர், கறுத்த சப்பாத்தோடு அவனை நோக்கி நடந்து போயிருப்பார் என்பதையும், பாட்டு நின்றிருக்கும் என்பதையும் நினைக்காத நாள் இல்லை. அவன் பதினொரு நாள் கண் திறக்கவில்லை.

ட்ரெய்னர் அண்ணை அலுவலகத்துக்கு வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தார், நீலச் சட்டையில் பெயர் அட்டை தொங்கியது, கையில் முதலுதவிப் பெட்டி. நான் எழுந்து நின்றேன். அவர் இருக்கவில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தங்கச்சி, அங்கத்தையான் ஆக்கள் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை" என்றேன். "கேக்கேல்லை."

அவர் தலையை ஆட்டினார். சுவரில் தொங்கிய பழைய அணிப் படங்களின் பக்கம் திரும்பினார். "அப்ப நான் ஒரு ஃபோன் எடுத்திருக்கோணும்" என்றார். "பட்டியலிலை இருந்து அவன்ர பேர் போன அண்டைக்கே எனக்குத் தெரிய வந்தது. கோவத்தில சும்மா இருந்திட்டன். என்ர பிழைதான்." பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் பனித்தரையில் கால் வைக்கவில்லை. அரீனாப் பக்கமே வரவில்லை. நான் பெட்டியை அடுத்த ட்ரெய்னரிடம் கொடுத்தேன், அவர் இடம் போதாது என்று புதிது வாங்கிக்கொண்டார். வருடத்துக்கு ஒருமுறை, நத்தார்ப் பண்டிகைக்கு, அண்ணைக்கு அழைப்பு எடுப்பேன். பெடியன் எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அழைப்பேன். காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

சென்ற மார்கழியில் அவர் இறந்துபோனார். பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் கூட்டம் அதிகமில்லை. ஹொக்கிக்காரர்களில் வந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் அந்தத் தாயைக் கண்டேன். இப்போது பிக்கரிங்கில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. மகன் கூட வந்திருந்தான், காருக்குள், கறுப்புக் கண்ணாடியோடு. முப்பதை எட்டுகிறான். ஒரு களஞ்சியசாலையில் அரைநாள் வேலை. வெளிச்சம் கூடினால் வாந்தி வரும், அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்துவிடுவான், மாலையில் கோபம் வரும், சில வேளை பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் கைவிட்டுப் போய்விடும். என்னைக் கண்டதும் கார்க் கண்ணாடியை இறக்கி, மிகவும் பணிவாக வணக்கம் சொன்னான். பிறகு மறுபடியும் சொன்னான்.

தாய் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "செத்த மனுசனைப் பற்றிக் கதைக்கக்கூடாது அக்கா. எண்டாலும் உவர் அண்டைக்கு மறிச்சு வைச்சிருக்காட்டி என்ர பிள்ளை பழக்கம் விட்டுப்போய் இப்பிடி விழுந்திருக்கமாட்டான். நீங்கள் ஒராள்தான் எங்களுக்கு உதவி செய்தது. உங்கட பேரைச் சொல்லாமல் நான் செபம் முடிக்கிறதில்லை." உள்ளே அண்ணை பெட்டிக்குள் கிடந்தார். வாய் திறக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, அதைவிட நல்ல நேரமும் கிடையாது. நான் குளிருகிறது என்று சொல்லிக் காரில் ஏறினேன். வீதியில் கொஞ்சத் தூரம் போனதும் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். என்னை நினைத்தே வெட்கப்பட்டேன்.

நான் காரில் ஏறுமுன் அந்தத் தாய் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மகனுக்கு ஒரு சம்பந்தம் சரிவரும்போல் இருக்கிறது. ஒஷாவாவில் ஒரு பெண், இங்கே பிறந்தவள், நல்ல வேலை. இரண்டு மூன்று தரம் கோப்பி குடிக்கப் போய்ப் பேசியிருக்கிறார்கள். அவனுக்கு ஹொக்கியில் ஏதோ காயம் என்று மேலோட்டமாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டுக்காரர் விசாரிக்க எங்கள் பக்கத்தில் ஒருவரின் இலக்கம் கேட்டார்கள், உங்கள் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன், நல்லதாய்ச் சொல்லுங்கோ என்றார்.

இரண்டு மாதம் ஒருவரும் எடுக்கவில்லை. தெரியாத இலக்கம் வந்தால் நாலைந்து மணி அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். சொன்னால் அவனுக்குக் கிடைக்கப்போகிற ஒரே நல்லதையும் நானே தட்டிவிடுவேன், தாயின் செபத்தில் என் பெயர் வேறு விதமாக வரும். சொல்லாவிட்டால் ஒருத்தி, ஒன்றும் அறியாமல், அந்தக் கோபத்துக்குள்ளும் அந்த இருட்டு அறைக்குள்ளும் போய்ச் சேருவாள். இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து எனக்கு நித்திரை கெட்டது. அண்ணை இருந்தால் கேட்டிருக்கலாம் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்த மறுகணம் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

போன சனிக்கிழமை பகல், மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தாயோ தகப்பனோ இல்லை, அந்தப் பெண்ணே எடுத்திருந்தாள். ஆங்கிலமும் தமிழுமாகத் தடுமாறித் தன்னை அறிமுகப்படுத்தினாள். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் எடுப்பதாகச் சொன்னாள். அவனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள், அந்த இடத்தில் குரல் கொஞ்சம் சிரித்தது. பிறகு, வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்பதுபோல, நேரே கேட்டாள்.

"அன்ரி, ஐ ஜஸ்ட் வோன்ட் டு நோ. நான் தெரிஞ்சிருக்க வேண்டியது ஏதும் இருக்கோ?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஓம் பிள்ளை, இருக்கு" என்றேன். "அவரைப் பற்றிச் சொல்ல முதல், நான் அவருக்குச் செய்ததைச் சொல்லுறன். உமக்கு நேரம் இருக்கோ?"